எந்த ஆண்டிலே தொடங்குவது?

சரித்திரம் கற்பிப்பவன் வகுப்பறையினுட் புகுமுன் தீர்மானிக்க வேண்டிய முதலாவது விடயம், கதையை எந்த ஆண்டிலே தொடங்குவது என்பதாகும். இத்தீர்மானம் ஒரு தேசத்தையே இரு கட்சியாகப் பிரித்துவிடவும் கூடும் என்பதை ஐக்கிய அமெரிக்காவிலே சில ஆண்டுகளாக நிகழ்ந்துவரும் வாதம் காட்டுகின்றது. ஆங்கிலேயர் அந்நாட்டிலே முதன்முதற் குடியேறி வாழ்ந்த வாழ்வைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறார்க்கு எவ்வாறு கற்பிப்பது? ஆசிரியத் தொழிலிலே ஈடுபட்டவன் என்ற முறையில் இவ்வினா என் சிந்தனையைப் பெரிதும் ஈர்த்தது.

வாதத்தின் வரலாறு சுருக்கமாக இதுவே: 2019 ஆகஸ்டில் 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகை, நிக்கோல் ஹனா-ஜோன்ஸ் என்னும் எழுத்தாளரின் முயற்சியால், '1619 திட்டம்' என்ற கட்டுரைத் தொகுதியை வெளியிட்டது. ஆபிரிக்க அடிமைகள் வேர்ஜீனியாவுக்குக் கொணரப்பட்ட 1619 ஆம் ஆண்டையே தேசத்தின் தொடக்கமாகக் கொண்டு சரித்திரத்தை நோக்கவேண்டும் என்பது அதன் வாதம். அவ்வாண்டு டிசம்பரில் வரலாற்றறிஞர் ஐவர் மறுப்புக் கடிதம் வரைந்தனர். 1776 ஆம் ஆண்டுப் புரட்சியின் நோக்கம் பற்றிய ஒரு கூற்றை 2020 மார்ச்சில் பத்திரிகை சிறிது சுருக்கித் திருத்திக்கொண்டது. பின்னர் அரசியல் புகுந்தது. ஜனாதிபதி டிரம்ப் '1776 ஆணைக்குழு'வை அமைத்தார்; 2021 ஜனவரி 18 ஆம் நாள் அதன் அறிக்கை வெளிவந்தது; இரண்டே நாளில், பதவியேற்ற ஜனாதிபதி பைடன் அதனைக் கலைத்தார். 2021 இல் ரெக்சாஸ், ஒக்லகோமா, ரெனசி முதலாய மாநிலங்கள் இனப் பிரச்சினையைக் கற்பிக்கும் முறைக்குச் சட்டத்தால் வரம்பிட்டன. 2025 ஜனவரியிற் டிரம்ப் மீண்டும் பதவியேற்றதும் அவ்வாணைக்குழுவுக்கு மறுபடியும் உயிரளித்தார். சுதந்திரப் பிரகடனத்தின் 250 ஆவது ஆண்டு 2026 என்பதும் இவ்வேகத்துக்கு ஒரு காரணம்.

நிற்க. முதியோர் இவ்வாறு பொருதுகையிற் பிள்ளைகளின் நிலை யாது? 2022 இல் நடந்த தேசிய மதிப்பீட்டுப் பரீட்சையிலே, எட்டாம் வகுப்பு மாணவருள் 13 வீதத்தினரே தம் நாட்டுச் சரித்திரத்திலே தேர்ச்சித் தரத்தை எட்டினர். 2014 இல் அது 18 வீதமாக இருந்தது. எந்த ஆண்டு முதன்மையானது என்ற சண்டை உரத்துக் கேட்க, எல்லா ஆண்டுகளுமே சிறுவர் மனத்தினின்றும் நழுவிச் செல்கின்றன.

உண்மையில் 1619 இல் நடந்தது என்ன? 1607 இல் இலண்டன் வேர்ஜீனியாக் கம்பனி நிறுவிய ஜேம்ஸ்ரவுண் குடியேற்றத்துத் தேவாலயத்திலே, அவ்வாண்டு ஜூலை 30 ஆம் நாள் குடிகளின் பிரதிநிதிகள் சபையாகக் கூடினர். ஆங்கில அமெரிக்காவிற் கூடிய முதற் பிரதிநிதித்துவ சபை அதுவே. அதற்குச் சில வாரங்களின் பின், ஆகஸ்டு இறுதியில், 'வெள்ளைச் சிங்கம்' என்னும் கப்பல் பொயின்ற் கம்ஃபட் முனையை அடைந்தது. அங்கோலாவிலிருந்து சென்ற போர்த்துக்கேயக் கப்பலொன்றிலே கைப்பற்றப்பட்ட இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆபிரிக்கர் அங்கு உணவுப் பொருளுக்கு மாற்றப்பட்டனர். இச்செய்தியை எழுதி வைத்தவர் ஜோன் றொல்ஃப். வேர்ஜீனியாவிலே விற்பனைக்குரிய புகையிலைப் பயிரைத் தோற்றுவித்தவரும், 1614 இற் பொக்கஹொன்ரசை மணந்தவரும் அவரே.

ஒரு கோடை, ஒரு குடியேற்றம், சுயாட்சியும் அடிமைமுறையும் அங்கே அடுத்தடுத்துத் தலைகாட்டின. ஒன்றை விட்டு மற்றையதை எவ்வாறு கற்பிப்பது? புகையிலை மண்ணின் சத்தை உறிஞ்சுவது. ஆதலாற் புதுநிலம் வேண்டியிருந்தது. புதுநிலம் பௌஹற்றன் மக்களுடையது. அதனால் எழுந்த பகை 1622 இல் ஒரே நாளில் 347 குடியேறிகளின் உயிரைக் குடித்தது. பயிருக்குக் கைகளும் வேண்டியிருந்தன. ஓர் ஆளைக் கப்பற்கூலி கொடுத்துக் கொணர்ந்தவனுக்கு ஐம்பது ஏக்கர் நிலம் அளிக்கப்பட்டது. முதலிற் பெரும்பாலும் இங்கிலாந்தின் வறியோரே சில ஆண்டு ஒப்பந்தத்திற் பணியாளராக வந்தனர். நாளடைவில் ஆபிரிக்கரின் ஆயுட்கால அடிமைத்தனம் வளர்ந்தது. தாய் அடிமையாயின் பிள்ளையும் அடிமையே என 1662 இற் சட்டம் பிறந்தது. 1705 இல் அடிமைச் சட்டங்கள் முழுமையாகத் தொகுக்கப்பட்டன. இச்சட்டங்களை இயற்றியது எது? 1619 இல் அத்தேவாலயத்திலே தோன்றிய அதே சபைதான். அடிமைமுறை மழையும் வெயிலும்போலத் தானாக வந்ததன்று; கைதூக்கி வாக்களித்த மனிதரால் ஆக்கப்பட்டது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இதனினும் பெரிய குடியியற் பாடம் வேறில்லை என்பேன்.

வடக்கேயுள்ள பிளிமத்தின் கதையும் இத்தகையதே. 1620 இல் 'மேபிளவர்' கப்பலில் வந்தோருட் பாதிப்பேர் முதற் குளிர்காலத்தில் மாண்டனர். 1621 இலையுதிர் காலத்திலே எஞ்சிய ஏறத்தாழ ஐம்பது ஆங்கிலேயரும், மசசொயிற் தலைவனும் அவனுடைய ஆடவர் தொண்ணூற்றுவரும் மூன்று நாள் விருந்துண்டனர். பள்ளி மேடைகளிலே ஆண்டுதோறும் நடிக்கப்படும் காட்சி இது. ஆயின் அவ்வூருக்கு முன்பு பற்றுக்செற் என்று பெயர் என்பதும், அங்கு வாழ்ந்த மக்களைக் கொள்ளைநோய் அழித்தமையாலேயே விளைநிலம் வெறுமையாய்க் கிடந்தது என்பதும் மேடைக்கு வருவது அரிது. குடியேறிகளுக்குச் சோளம் நடக் கற்பித்த திஸ்குவாந்தம் அவ்வூரான். 1614 இல் ஆங்கிலேயனொருவனாற் கடத்தப்பட்டு ஸ்பெயினிலே விற்கப்பட்டவன். மீண்டு வந்தபோது தன் ஊரிலே எவரையும் காணாதவன். விருந்து நடந்து ஐம்பத்துநான்கு ஆண்டுகளின் பின், 1675 இல், மசசொயிற்றின் மகன் மெற்றக்கொம் ஆங்கிலேயருடன் போர் தொடுத்தான். அங்குள்ள அரும்பொருட் கிராமம் 2020 இலே தன் பெயரிற் பற்றுக்செற்றையும் சேர்த்துக்கொண்டது பொருத்தமான செயல்.

இத்தகைய கொடுமைகளைப் பிஞ்சு உள்ளங்களுக்குக் கூறலாமா என்பார் உளர். அவர் அச்சத்தை நான் இகழேன். ஜேம்ஸ்ரவுணில் 1609-10 குளிர்காலப் பஞ்சத்திலே சில நூறு பேருள் ஏறத்தாழ அறுபதின்மரே பிழைத்தனர். அங்கு 2012 இல் அகழ்ந்தெடுத்த, பதினான்கு வயது மதிக்கத்தக்க பெண்ணொருத்தியின் மண்டையோட்டிலே கத்திக் கீறல்கள் காணப்பட்டன. அவள் உடலை மற்றையோர் உண்டனர் என்று ஆய்வாளர் 2013 இல் அறிவித்தனர். இதைக் கேட்கும் மாணவியும் ஏறத்தாழ அவ்வயதினளே. ஆதலின் எப்போது, எந்த அளவிற் சொல்வது என்பதை ஆசிரியன் வகுப்பின் முகத்தைப் பார்த்தே துணிய வேண்டும். அந்தத் துணிவைச் சட்டமன்றத்தின் கையில் ஒப்படைப்பதுதான் தவறு.

நமக்கும் இவ்வரலாற்றோடு ஒரு தொடர்பு உண்டு. ஐம்பது குடும்பமுள்ள ஊர் எழுத்தறிவிக்க ஓர் ஆசிரியனை வைத்தல் வேண்டும் என 1647 இற் சட்டமியற்றிய மசச்சூசெற்ஸ் தூய்மைவாதிகளின் சமய வழித்தோன்றல்களே 1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார். 1823 இல் எழுந்த வட்டுக்கோட்டைச் செமினரி அம்மரபின் கிளை. எழுத்தை மக்களுக்கு அளித்த அதே சமூகம் சுதேசிகளின் நிலத்தையும் கொண்டது. நன்றி மறவாமலே உண்மையையும் மறவாதிருக்கலாம்.

யான் துணிந்த முறை எளிது. பழைய ஏடொன்றைப் பிள்ளைகள் முன் வைத்து மூன்று வினாக்களைக் கேட்கலாம்: இதை எழுதியவர் யார்? யாருக்காக எழுதினார்? அங்கிருந்தும் எழுத இயலாதிருந்தவர் யார்? றொல்ஃபின் கடிதத்திலே அந்த ஆபிரிக்கர் ஒருவருக்கேனும் பெயர் இல்லை. ஆயினும் 1625 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கிலே அந்தோனி, இசபெல் என்னும் ஆபிரிக்கர் இருவரும், ஞானஸ்நானம் பெற்ற வில்லியம் என்னும் அவர்தம் குழந்தையும் பெயரோடு பதிவாகியுள்ளனர். வகுப்பிலே வெள்ளைப் பிள்ளையும் கறுத்தப் பிள்ளையும் சுதேசிப் பிள்ளையும் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கின்றனர். மூவரின் முன்னோரும் பாடத்தில் இருந்தாலன்றி அது மூவருக்கும் பொதுவான பாடமாகாது. அங்ஙனம் இருக்குமாயின், கதையை எந்த ஆண்டிலே தொடங்கினாலும் குறைவில்லை.