பெட்டி எங்கே என்று தெரிகிறது. உள்ளே என்ன என்று?

திருப்பூரில் தைத்த பனியன் ஐரோப்பாவில் ஒரு கடை அலமாரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எத்தனை இயந்திரங்கள் அதைப் பார்த்திருக்கும்? தொழிற்சாலையில் கன்டெய்னர் கதவைப் பூட்டும்போதே ஒரு மின்னணு முத்திரை. வழியில் ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் லாரி கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக். தூத்துக்குடி துறைமுக வாசலில் இன்னொரு கருவி. கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாற்றும்போது மறுபடியும் பதிவு. அதன்பின் கடலில் செயற்கைக்கோள். இத்தனை கண்கள் இருந்தும், சரக்கை அனுப்பிய சிறு ஏற்றுமதியாளர் இன்றைக்கும் ஏஜென்ட்டுக்கு போன் போட்டு ‘நம்ம பெட்டி எங்கே சார்?’ என்றுதான் கேட்கிறார். தகவல் பஞ்சம் என்று இதைச் சொல்ல முடியாது. தகவல் ஏராளமாக இருக்கிறது. அது யாரிடம் இருக்கிறது என்பதுதான் விவகாரம்.

முதலில், இந்தக் கண்காணிப்பு எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

ஒவ்வொரு கன்டெய்னருக்கும் 11 இடங்கள் கொண்ட ஓர் அடையாளம் உண்டு. நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். தட்டச்சு செய்யும்போது ஓர் இலக்கம் தவறினால் கடைசி இலக்கம் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். (ஆதார் எண்ணின் கடைசி இலக்கத்துக்கும் இதே வேலைதான்.) இந்த எண்ணை வைத்துத்தான் மற்ற எல்லாத் தகவலும் கோக்கப்படுகிறது.

இந்தியாவுக்குள் இந்த வேலையைச் செய்வது ‘லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க்’. ஜப்பானின் என்.இ.சி. நிறுவனத்தோடு சேர்ந்து மத்திய அரசு உருவாக்கியது. 2016 ஜூலையில் நவி மும்பையின் ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் தொடங்கி, பிறகு தென் துறைமுகங்களுக்கும் வந்தது. கன்டெய்னரில் ஒரு ஆர்.எஃப்.ஐ.டி. பட்டையை மாட்டிவிடுவார்கள். வாசலில் இருக்கும் கருவி அதைப் படிக்கும். அவ்வளவுதான். ‘டிராக்கிங்’ என்றதும் வரைபடத்தில் ஒரு புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தான் எங்கே இருக்கிறோம் என்று பட்டைக்குத் தெரியாது. தன்னைக் கடந்தது யார் என்று வாசலுக்குத்தான் தெரியும். இரண்டு வாசல்களுக்கு நடுவே பெட்டி எங்கே நின்றது, ஏன் நின்றது என்பது இருட்டு.

கடலில் கதை வேறு. 300 டன்னுக்கு மேற்பட்ட, நாடு விட்டு நாடு போகும் எல்லாக் கப்பல்களும் ஏ.ஐ.எஸ். என்ற கருவியை வைத்திருக்க வேண்டும். 2004 இறுதிக்குள் பொருத்தியாக வேண்டும் என்பது சர்வதேச விதி. கப்பலின் பெயர், இடம், வேகம், போகும் திசை ஆகியவற்றை ரேடியோவில் அது சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு கப்பல் இன்னொன்றின் மேல் மோதாமல் இருக்கக் கொண்டுவந்தது, இன்று உலக வணிகத்தையே வேவு பார்க்கும் கண்ணாடியாகிவிட்டது. ஆனால் அது கப்பலைத்தான் காட்டும். எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் ஏறியது என்பதைக் கப்பல் நிறுவனம்தான் சொல்ல வேண்டும்.

இங்கேதான் திருப்பூர்க்காரருக்குச் சங்கடம். பனியன் ஏற்றுமதியில் பெரும்பகுதி எஃப்.ஓ.பி. முறையில் நடக்கிறது. கப்பல் நிறுவனத்தையும் சரக்கு ஏஜென்ட்டையும் வெளிநாட்டு வாங்குபவரே முடிவு செய்கிறார். ஆகவே விரிவான கண்காணிப்புத் திரையும் அவர் மேசையில்தான் இருக்கும். 2023 நவம்பரில் செங்கடலில் ஹூதிகளின் தாக்குதல் தொடங்கிய பிறகு, கப்பல்கள் சூயஸை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கின. பயணம் 10 முதல் 14 நாள் வரை நீண்டது. சரக்கு தாமதமானால் சீசன் போச்சு என்று சொல்லி விலையைக் குறைக்கச் சொல்வார்கள். அடுத்த லாட்டை உன் செலவில் விமானத்தில் அனுப்பு என்பார்கள். இந்தப் பேரத்தில் ஒருவர் கையில் நாள்வாரியாகத் தகவல், இன்னொருவர் கையில் ஏஜென்ட்டின் போன் எண்.

சரி, எல்லோரும் ஒரே மேடையில் தகவலைப் பகிர்ந்தால் என்ன? அதையும் முயன்று பார்த்தார்கள். மேர்ஸ்க் கப்பல் நிறுவனமும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து 2018-ல் ‘டிரேட்லென்ஸ்’ என்ற தளத்தைக் கொண்டுவந்தன. பிளாக்செயின் என்ற சொல்லுக்கே மவுசு இருந்த காலம். சில போட்டிக் கப்பல் நிறுவனங்கள்கூடச் சேர்ந்தன. ஆனால் தேவையான அளவுக்கு உலகளாவிய ஒத்துழைப்பு கிடைக்கவில்லை என்று சொல்லி 2022 நவம்பரில் மூடுவிழா அறிவித்தார்கள். தொழில்நுட்பம் வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்லவில்லை. போட்டியாளர் பங்கு வைத்திருக்கும் பெட்டகத்தில் தன் கணக்குப் புத்தகத்தை வைக்க எந்த வியாபாரிக்குத்தான் மனசு வரும்?

அந்த வகையில் அரசே நடுவராக இருந்து 2022 செப்டம்பரில் தொடங்கிய ‘யூலிப்’ தளம் நல்ல யோசனை. வாகனப் பதிவு, ஃபாஸ்டேக், ரயில்வே, சுங்கத் துறை என்று துறைவாரியாகச் சிதறிக் கிடந்ததை ஒரே குழாயில் இணைக்கிறது. ஆனால் குழாயில் தண்ணீர் பிடிக்க சொந்தமாக மென்பொருள் வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு அது பொருட்டல்ல. இருபது தையல் மெஷின் வைத்திருப்பவருக்கு?

தகவல் கிடைக்காதது ஒரு பிரச்சினை என்றால், தகவலை மட்டும் நம்பித் தண்டிப்பது இன்னொன்று. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை ஏற்றினால் பொதுவாக இ-வே பில் வேண்டும். 200 கி.மீ.க்கு ஒரு நாள் கணக்கு. நேரம் முடிந்து எட்டு மணி நேரத்துக்குள் நீட்டிக்காவிட்டால் பில் செல்லாது. வண்டியைப் பிடித்துவைத்து வரியைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம் போட இப்போது சட்டத்தில் இடமிருக்கிறது. 2020 ஜனவரியில் ஹைதராபாத்தில் இப்படித்தான் நடந்தது. ஒரு நிறுவனத்தின் காகிதச் சரக்கு போராட்டத்தால் போக்குவரத்தில் சிக்கியது. பில் ஞாயிற்றுக்கிழமையோடு காலாவதியாகிவிட்டது. திங்கட்கிழமை வண்டியைப் பிடித்து, 69,000 ரூபாய் வசூலித்தார்கள். பில் காலாவதியானதை மட்டும் வைத்து வரி ஏய்ப்பு என்று முடிவுகட்ட முடியாது என்று சொல்லி, பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது தெலங்கானா உயர் நீதிமன்றம். அரசு விடாமல் உச்ச நீதிமன்றம் போனது. 2022 ஜனவரியில் கூடுதலாக 59,000 ரூபாய் செலவுத்தொகை கட்டும்படி ஆனது. அந்த நிறுவனத்தால் டெல்லி வரை வழக்காட முடிந்தது. நடுரோட்டில் மாட்டும் லாரி டிரைவரால் முடியுமா? வண்டி எந்தச் சுங்கச்சாவடியை எப்போது கடந்தது என்பது ஃபாஸ்டேக் வழியாக இ-வே பில் அமைப்புக்கே தெரியும். வழியில் எங்கோ மாட்டிக்கொண்டது என்பதற்கு அதுவே சாட்சி. பிடிப்பதற்குப் பயன்படும் தகவல் விடுவிப்பதற்கும் பயன்பட வேண்டாமா?

இவ்வளவு பேசியும் முக்கியமான கேள்வி பாக்கி இருக்கிறது. பெட்டிக்குள் என்ன?

2025 மே 25 அன்று கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் மூழ்கியது. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல் அது. ஊழியர்கள் 24 பேரும் மீட்கப்பட்டார்கள். கப்பலில் சுமார் 640 கன்டெய்னர்கள். 13-ல் ஆபத்தான சரக்கு, 12-ல் கால்சியம் கார்பைடு என்று கடலோரக் காவல் படை சொன்னது. பெட்டிகள் கேரளக் கரையில் ஒதுங்கத் தொடங்கின. சில நாளில் குமரி மாவட்டக் கடற்கரை வரை வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் துகள்கள் வந்து குவிந்தன. ஒதுங்கிய பெட்டியைத் தொடலாமா, கூடாதா? மீன் பிடிக்கப் போகலாமா? பிடித்த மீனை யார் வாங்குவார்கள்? கரையில் நின்றவர்களுக்கு உடனே தேவைப்பட்டது பெட்டி வாரியான ஒரு பட்டியல். அது பொதுவெளிக்கு வர நாள்கணக்கில் ஆனது. விவரங்களை மக்கள் பார்வைக்கு வைக்கும்படி கேரள உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது.

நான்கு வருடம் முன்பு கொழும்பு அருகே எரிந்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலின் கதையும் இதுவே. நைட்ரிக் அமிலம் கசிந்த பெட்டியை இறக்க கத்தாரின் ஹமாத் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹசீராவிலும் முயன்று முடியாமல்தான் கப்பல் கொழும்புக்கு வந்தது. கசிவு கப்பலில் இருந்தவர்களுக்குத் தெரியும். அங்கும் கரை ஒதுங்கியது பிளாஸ்டிக் துகள்தான்.

வணிக ரகசியம் என்று ஒன்று இருக்கிறது. யார் யாருக்கு என்ன விலையில் அனுப்புகிறார்கள் என்பதை ஊரறியச் சொல்லத் தேவையில்லை. ஆனால் எந்தப் பெட்டியில் என்ன பொருள், எவ்வளவு எடை, தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பது ரகசியமாக இருக்க முடியாது. கப்பல் துறைமுகத்துக்கு வருமுன்பே சரக்குப் பட்டியலை மின்னணு முறையில் சுங்கத் துறைக்குத் தர வேண்டும் என்பது விதியாகவே இருக்கிறது. ஆக, கணினியில் இருப்பதைக் கரைக்குக் கொண்டுசேர்க்கும் வேலைதான் பாக்கி. விபத்து நடந்த சில மணி நேரத்துக்குள் அந்தப் பட்டியல், பெயரும் விலையும் நீக்கப்பட்டு, கடலோர மாவட்ட ஆட்சியர்களுக்கும் மீனவர் சங்கங்களுக்கும் தானாகப் போய்ச் சேர வேண்டும் என்று ஒரு விதி போதும். ஆங்கிலத்தில் மட்டும் இல்லாமல், தமிழிலும் மலையாளத்திலும்.