பேய் இல்லாட்டி இந்தக் கொலை வெளிய வந்திருக்குமா?

வில்கி காலின்ஸோட 'தி ஹாண்டட் ஹோட்டல்' (1878) பத்திப் பேச்செடுத்தாலே நம்மாளுங்க ஒரே பாட்டைத்தான் பாடறாங்க. "'மூன்ஸ்டோன்' எழுதின மனுஷன், அபின் பழக்கத்துல புத்தி மழுங்கி பேய்க்கதைக்கு எறங்கிட்டார்." சாமிகளா, 1868-ல 'மூன்ஸ்டோன்' எழுதினப்பவும் அவர் அபின் மருந்து குடிச்சுக்கிட்டுத்தான் இருந்தார். அதுல வராத பேய் இதுல மட்டும் ஏன் வந்துச்சாம்?

என் பதில் இதுதான்: இந்தக் கொலைக்குப் பேயை விட்டா வேற நாதியில்லை. (முடிச்சை அவிழ்க்கப் போறேன். படிக்காதவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடுங்க.)

வெனிஸ்ல ஒரு பழைய மாளிகை. அங்க மான்ட்பாரி பிரபு மார்ச்சளி முத்திச் செத்துட்டதா ஊருக்குச் சேதி வருது. 10,000 பவுண்டு இன்ஷூரன்ஸ். கம்பெனிக்காரங்க ஆளனுப்பி விசாரிக்கிறாங்க, எல்லாம் சுத்தம். ஏன் சுத்தம்? நோய் நிஜம், பார்த்த டாக்டருங்க நிஜம், சர்டிபிகேட் நிஜம். படுக்கையில கிடந்த ஆளு மட்டும் வேற! செத்தது வேலைக்காரன் ஃபெராரி. பொண்டாட்டிக்கு 1,000 பவுண்டு போய்ச் சேரணும்னு பேசிட்டு, பிரபு பேர்ல செத்துப் போறான். நிஜப் பிரபுவுக்கு விஷம்.

இப்ப சொல்லுங்க, எந்தத் துப்பறியும் புலி இதைக் கண்டுபிடிக்கும்? காகிதத்தைச் சரிபார்க்கிறவனுக்குக் காகிதம் சரியாத்தான் இருக்கு.

அப்புறம் மாளிகை ஹோட்டலாகுது. 14-ம் நம்பர் அறையில வெளியாள் ஒருத்தர் நிம்மதியாத் தூங்கறார். செத்தவரோட தம்பிக்கோ தூக்கமில்லை, தங்கைக்குக் கெட்ட கனவு, இன்னொரு தம்பிக்குக் குடலைப் புரட்டற நாத்தம். நிர்வாகம் என்ன பண்ணுச்சு தெரியுமா? கதவுல நம்பரை 13ஏ-ன்னு மாத்துச்சு! :-) பிணத்துக்குப் பேர் மாத்தின மாதிரியே அறைக்கும். இதையா புத்தி மழுங்கினவர் எழுதினார்?

கடைசியில கொலைகாரி நரோனா சீமாட்டி நடந்ததை நாடகமா எழுதி வெச்சுட்டுச் சாகறா. குடும்பத்துப் பெரியவர் அதையும் நெருப்புல போட்டுடறார். கோர்ட்டும் இல்லை, தண்டனையும் இல்லை. மனுஷங்க எல்லாரும் சேர்ந்து மூடின விஷயத்தை, மூட மாட்டேன்னு அடம் பிடிச்சது அந்த நாத்தம் மட்டும்தான்.

ஹென்றி - ஆக்னஸ் காதல் சவசவன்னு இருக்கு, ஒத்துக்கறேன். வெட்டறதுன்னா அதை வெட்டுங்க. பேய் மேல கையை வெக்காதீங்க.

டிஸ்கி: எனக்குப் பேய் நம்பிக்கை கிடையாது. சர்டிபிகேட் மேலயும்தான்.