புதன்கிழமை வெள்ளை



ஜூன் மாதம் பிறந்தாலே வீட்டுச் செலவில் யூனிஃபார்மும் ஷூவும் முன்னால் வந்து நின்றுவிடும். 'வளர்ற பிள்ளை' என்று ஒரு சைஸ் பெரிதாகவே எடுத்து, பேன்ட்டின் அடியை மடித்துத் தைக்கிறோம். அடுத்த வருஷம் பிரித்துவிட்டால், வெளுத்த துணியில் பழைய மடிப்பு மட்டும் கருநீலக் கோடாகத் தெரியும். அதை மறைக்கப் பிள்ளைகள் படும் பாடு நமக்குத் தெரியாதா?

ஆனாலும் சீருடையே வேண்டாம் என்று அவர்கள் சொல்வதில்லை. பிறந்தநாளுக்குக் கலர் டிரஸ்ஸில் வந்து சாக்லேட் கொடுக்கும் பிள்ளையும், அன்றைக்கும் யூனிஃபார்மிலேயே வந்து யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடும் பிள்ளையும் ஒரே வகுப்பில்தான் இருக்கிறார்கள். இந்த வித்தியாசம் தினமும் தெரிய வேண்டாம் என்றுதானே 1985-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை வந்தது? பிறகு அதுவே வருஷத்துக்கு நான்கு செட் ஆனது. தைத்துக் கொடுப்பதும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கப் பெண்கள்தான்.

எனக்கு மனசு கேட்காத விஷயம் வேறு. பல தனியார் பள்ளிகளில் வாரத்தில் ஒருநாள், பெரும்பாலும் புதன்கிழமை, மேலிருந்து கீழ்வரை வெள்ளை. பீரியட்ஸ் நேரத்தில் அந்த நாள் வந்துவிட்டால் எட்டாம் வகுப்புப் பெண் என்ன செய்வாள்?

உள்ளே இன்னொரு பேன்ட் போட்டுக்கொள்கிறாள். பெல் அடித்ததும் தோழியைப் பின்னால் வரச் சொல்லி, "பாத்துச் சொல்லுடி" என்கிறாள். போர்டுக்குக் கூப்பிட்டால், விடை தெரிந்தாலும் எழுந்திருக்கத் தயங்குகிறாள். சிலர் வயிற்றுவலி என்று லீவே போட்டுவிடுகிறார்கள். இது எந்த வீட்டில் நடக்கவில்லை, சொல்லுங்கள்?

அவளுக்கு மட்டும் அன்று வேறு கலர் என்று அனுமதித்தால், அதுவே அவளைக் காட்டிக்கொடுத்துவிடும். மேலே வெள்ளை, கீழே வழக்கமான கலர் என்று வகுப்பு முழுவதற்கும் மாற்றிவிடலாமே. எந்த வீட்டிலும் புதுத் துணி எடுக்க வேண்டியதில்லை. வெள்ளையை ஊறவைத்து, நீலம் போட்டுத் துவைக்கும் அம்மாவுக்கும் பாதி வேலை மிச்சம்.

அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் மார்க் பற்றிப் பேசிவிட்டு இதையும் கேளுங்கள். தலைமையாசிரியர்களும் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள்தான், புரிந்துகொள்வார்கள். அம்மாக்கள் மட்டும் தனியாக, தாழ்ந்த குரலில் பேச வேண்டிய விஷயமில்லை இது. அப்பாக்களும் கூடப் போய்க் கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்