கை வலிக்கு மருந்து இருக்கையில்



இம்முறை என் தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். என் ஆறாம் ஆண்டு வகுப்பில் முத்து முத்தாக எழுதிவந்த ஒரு பையனின் கையெழுத்து திடீரென்று கோணலாகிவிட்டது. காலையில் முதல் பாடத்தின்போது பென்சில் நழுவி விழும். "கவனம் எங்கே போயிற்று?" என்று பல நாள் கடிந்துகொண்டேன். ஒருநாள் அவன் மெல்லச் சொன்னான்: "சுண்டு விரலும் பக்கத்து விரலும் மரத்துப் போகுது, சார்."

பள்ளி விட்டதும் அவனுடைய சைக்கிளைப் போய்ப் பார்த்தேன். அது அப்பாவின் பழைய சைக்கிள். தோட்டத்துச் செம்மண் சாலையில் ஐந்து கிலோமீட்டர் அதை மிதித்துத்தான் வருகிறான். இருக்கை மிக உயரம். அதன் மூக்கும் கீழே சரிந்திருந்தது. கைப்பிடியில் கனத்த புத்தகப் பை. பையனின் உடல் முன்னால் வழுக்க, பாரம் முழுவதையும் உள்ளங்கைகள் தாங்கியிருக்கின்றன. பையன் சோம்பேறி இல்லை. விசாரிக்காமல் ஏசியது என் குற்றம்.

இது புதிய தொல்லையன்று. 1896-ஆம் ஆண்டிலேயே டெஸ்டோ என்ற பிரெஞ்சு மருத்துவர், சைக்கிள் ஓட்டுவதால் வரும் இந்தக் கோளாறைப் பற்றி எழுதியிருக்கிறார். சுண்டு விரலுக்கும் மோதிர விரலில் பாதிக்கும் உணர்ச்சி தரும் நரம்பு, உள்ளங்கையின் அடிப்புறத்தில் சுண்டு விரல் பக்கமாகச் செல்கிறது. கைப்பிடி அங்கே வெகுநேரம் அழுத்தினால் விரல் மரக்கும். நாளடைவில் பிடியும் தளரும். கட்டை விரலும் அடுத்த இரு விரல்களும் மரத்தால் அது வேறு நரம்பு. மணிக்கட்டை மடக்கியபடியே ஓட்டினால் அது நெருக்கப்படும்.

நம் கெடா மாநிலத்து லங்காவியின் பெயரில் 1996-இல் தொடங்கிய சைக்கிள் பந்தயத்தைப் பார்த்திருப்பீர்கள். பல நாள்களில் நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டும் அந்த வீரர்கள், கையை ஒரே இடத்தில் வைத்திருப்பதில்லை. மேலும் கீழும் பக்கத்திலுமாக மாற்றிக்கொண்டே இருப்பார்கள். முழங்கையைச் சற்று மடக்கியிருப்பார்கள். மடங்கிய கை சாலையின் அதிர்ச்சியைத் தணிக்கும். விறைத்த கையோ அதைத் தோளுக்கும் கழுத்துக்கும் ஏற்றிவிடும்.

நாம் செய்ய வேண்டியவை இவை:

1. இருக்கையில் அமர்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து அடிமட்டத்துக்கு இறக்குங்கள். கால் நேராக நீள வேண்டும். அதன்பின் முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். அதுவே சரியான உயரம். இருக்கை தாழ்ந்தால் முழங்காலின் முன்புறமும், உயர்ந்தால் பின்புறமும் வலிக்கும்.

2. இருக்கை மட்டமாக இருக்கட்டும்.

3. கைப்பிடி இருக்கையின் உயரத்துக்கோ சற்று மேலாகவோ இருக்கட்டும்.

4. பையைக் கேரியரில் கட்டுங்கள்.

5. டயர் கல்லாக இறுகும்வரை காற்றடிக்காதீர்கள்.

6. சிறுவர்கள் சைக்கிளை நிறுத்தும்போது அவர்களின் கால்விரல்கள் தரையைத் தொட வேண்டும். பெரிய சட்டையை மடித்துத் தைக்கலாம். பெரிய சைக்கிளை மடித்துத் தைக்க முடியுமா?

இவ்வளவு செய்தும் மரப்பு நீடித்தாலோ பிடி தளர்ந்தாலோ கிளினிக்குக்குப் போங்கள். பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை: மிதிக்கும்போது நெஞ்சு இறுகி, வலி கைக்குப் பரவினால் அதைச் சைக்கிள் வலியென்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அன்று மாலை அந்தப் பையனின் அப்பா ஒரு ஸ்பேனருடன் வந்தார். இருக்கையை இறக்கி மட்டமாக்கினார். பை பின்னால் போயிற்று. பத்து நிமிட வேலை, காசு செலவில்லை. சில வாரங்களில் விரல்கள் தேறின. கையெழுத்தும் திரும்பியது.

இன்று மாலை உங்கள் வீட்டுச் சைக்கிளையும் சற்றுப் பாருங்கள். பிள்ளையை ஏசுமுன், "எங்கேயாவது வலிக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கத் தவறியது அந்த ஒரு வார்த்தைதான்.

அடுத்த இதழில் சந்திப்போம்.