பாடாத உதடுகள்

தேசபக்தியை எடை போடுவதற்கு ஏதேனும் தராசு உண்டா என்ற கேள்வி நம் நாட்டில் அடிக்கடி எழுகிறது. ஒரு சமயம் கொடி வணக்கமே அந்தத் தராசு என்கிறார்கள். ஒரு சமயம் கோஷம். ஒரு சமயம் கீதம். தராசு எதுவானாலும் அதில் முதன் முதலாக ஏற்றி நிறுத்தப்படுகிறவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையில் சிறியவர்களே. அவர்களிலும், பழைய வேதக் கட்டளைகளை அணுவளவும் பிசகாமல் கடைப்பிடிக்கும் கிறிஸ்தவர்களைப் பற்றி இவ்வாரம் சிறிது பேச விரும்புகிறோம். "இந்தக் காலத்தில் இப்படியும் மனிதர்களா!" என்று அவர்களைப் பார்த்து நகைப்பது எளிது. அவர்கள் பக்கத்தில் நியாயம் இருக்கிறதா என்று விசாரிப்பது சற்றுக் கடினம். கடினமானதையே செய்து பார்ப்போம்.

கேரளத்தில் 1985-ம் வருஷம் நடந்த சம்பவம் இது. ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று குழந்தைகள் படித்து வந்தார்கள். 'யெகோவாவின் சாட்சிகள்' என்னும் பிரிவினர். தினந்தோறும் காலைக் கூட்டத்தில் 'ஜன கண மன' பாடப்படும்போது இவர்கள் மற்றப் பிள்ளைகளோடு எழுந்து மரியாதையாக நிற்பார்கள், ஆனால் பாடமாட்டார்கள். இவர்களுக்கு முன் அதே பள்ளியில் படித்த தமக்கைமாரும் அப்படியே நின்றவர்கள்தாம். பல வருஷங்கள் இவ்வாறு கழிந்தன. அதனால் தேசத்துக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

1985 ஜூலையில் விஷயம் ஒரு சட்டசபை அங்கத்தினரின் காதுக்கு எட்டியது. அவர் சபையில் கேள்வி கேட்டார். விசாரணைக் கமிஷன் நியமிக்கப்பட்டது. குழந்தைகள் சட்டத்துக்கு அடங்கி நடப்பவர்கள், கீதத்துக்கு அவமரியாதை எதுவும் செய்யவில்லை என்று கமிஷன் அறிக்கை கொடுத்தது. அத்துடன் காரியம் முடிந்திருக்கவேண்டும் அல்லவா? முடியவில்லை. டெபுடி இன்ஸ்பெக்டரின் உத்தரவின் பேரில், ஜூலை 26-ந் தேதி முதல் மூவரும் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். சர்க்காரின் முடிவு தெரியும் வரையிலாவது பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும்படி தகப்பனார் வேண்டினார். தம்மால் ஆவது ஒன்றுமில்லை என்று தலைமை ஆசிரியை கூறிவிட்டார். நற்சான்று ஒரு கையிலும் நீக்க உத்தரவு மறு கையிலுமாக அந்தக் குழந்தைகள் வீடு திரும்பினார்கள் என்றே சொல்லவேண்டும்.

அவர்கள் ஏன் பாடவில்லை? வணக்கம் என்பது கடவுள் ஒருவருக்கே உரியது. மனிதன் சமைத்த எதற்கும், அது சிலையாயினும் சிம்மாசனமாயினும் ராஜ்யமாயினும், அந்த வணக்கத்தில் பங்கு கிடையாது என்பது அவர்களுடைய நம்பிக்கை. கீதம் பாடுவதும் அத்தகைய வணக்கத்தைச் சேர்ந்ததே என்று அவர்கள் கருதுகிறார்கள். திரித்துவத்தை இவர்கள் ஒப்புக்கொள்ளாததால் பெரும்பாலான கிறிஸ்தவ சபைகள் இவர்களைத் தம்மவர் என்று ஏற்பதில்லை. அந்தச் சபையார் எல்லாம் தேசிய கீதத்தை மகிழ்ச்சியோடு பாடுகிறவர்கள். ஆனால் இவர்களுடைய மறுப்புக்கு வேராக இருக்கும் கொள்கை புதிதன்று. மோசேயின் பத்துக் கட்டளைகளில் தலையாய கட்டளை அது.

தானியேல் ஆகமத்தில் ஒரு கதை உண்டு. பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் ஒரு பொற்சிலையை நிறுத்தி, வாத்தியங்கள் முழங்கியதும் எல்லோரும் விழுந்து வணங்கவேண்டும் என்று ஆணையிட்டான். சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ என்ற மூவர் மட்டும் வணங்காமல் நின்றார்கள். அவர்கள் ராஜத்துரோகிகள் அல்லர். அந்த மன்னனுடைய மாகாணக் காரியங்களை நிர்வகித்து வந்த உத்தியோகஸ்தர்கள். உழைப்பைக் கொடுத்தார்கள், வழிபாட்டைக் கொடுக்க மறுத்தார்கள்.

பிற்காலத்தில் ரோம சாம்ராஜ்யத்திலும் இதே கதைதான். கி.பி. 112-ம் வருஷ வாக்கில் பித்தினியா மாகாணத்தின் அதிபதியாயிருந்த பிளினி, சக்கரவர்த்தி டிராஜனுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. கிறிஸ்தவர் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர்களைச் சக்கரவர்த்தியின் உருவத்துக்கு முன் தூபமும் மதுவும் படைக்கும்படி சொல்லிப் பரீட்சித்ததாகவும், பிடிவாதமாக நின்றவர்களைக் கொல்வித்ததாகவும் அவர் எழுதுகிறார். அவர்கள் செய்த குற்றந்தான் என்ன என்று துருவி விசாரித்ததில், விடியுமுன் கூடித் துதி பாடுவதும், திருடுவதில்லை, வாக்குத் தவறுவதில்லை என்று பிரமாணம் செய்துகொள்வதுமே கிடைத்தனவாம்! இப்படிப்பட்ட பிரஜைகள் கிடைப்பதற்கு எந்த ராஜ்யமும் தவம் செய்யவேண்டும். ரோமாபுரியோ அவர்களிடம் நல்லொழுக்கத்தைக் கேட்கவில்லை. ஒரு சிட்டிகை தூபத்தைத்தான் கேட்டது.

கேரளக் குழந்தைகளின் வழக்குக்கு வருவோம். ஹைகோர்ட்டில் அவர்களுக்கு ஜயம் கிட்டவில்லை. கீதத்தின் சொற்களை ஆராய்ந்து பார்த்து, எந்த மதத்தினரின் மனத்தையும் புண்படுத்தும் வார்த்தை ஒன்றும் அதில் இல்லை என்று அங்கே முடிவு செய்தார்கள். அந்த ஆராய்ச்சி முழுவதும் உண்மையே. ஆயினும் கேள்வி அதுவன்று. ஏகாதசி விரதம் இருப்பவரிடம் அரிசியை ரசாயனப் பரீட்சை செய்து காட்டி, "இதில் குன்றிமணியளவும் பாவம் இல்லை, ஆகையால் சாப்பிடும்" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? அரிசியில் பாவம் இருக்கிறது என்று அவர் எப்போது சொன்னார்?

1986 ஆகஸ்டு 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இந்த முடிச்சை அவிழ்த்தது. நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டி, எம். எம். தத் ஆகிய இருவரும் கேட்ட கேள்வி வேறு. இந்த நம்பிக்கை நமக்குப் பிடிக்கிறதா, நம் அறிவுக்கு ஒத்து வருகிறதா என்பது விஷயமன்று. அவர்கள் அதை உண்மையாகவே, மனச்சாட்சிப்படி கொண்டிருக்கிறார்களா என்பதே விஷயம் என்றார்கள். பாடியே தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. 1971-ம் வருஷத்துச் சட்டம் கீதம் பாடுவதைத் தடுப்பவரையும், பாடும் கூட்டத்தைக் குலைப்பவரையும் தண்டிக்கிறதே அன்றி, மௌனமாக நிற்பவரைத் தண்டிக்கவில்லை. எழுந்து நிற்பதே மரியாதை. கல்வி இலாகாவின் சுற்றறிக்கைகளுக்குச் சட்டத்தின் பலம் இல்லை. ஆகவே பிள்ளைகளை மீண்டும் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. சகிப்புத்தன்மை நம்முடைய மரபிலும் தத்துவத்திலும் அரசியல் சட்டத்திலும் ஊறியது, அதில் தண்ணீர் கலக்கவேண்டாம் என்ற கருத்தோடு அத்தீர்ப்பு முடிகிறது. ஆனால் நீக்கிய நாளிலிருந்து தீர்ப்பு நாள் வரையில் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்பதை நேயர்கள் மறக்கலாகாது. குழந்தைகளின் வாழ்வில் ஒரு வருஷம் சின்னதல்ல.

இத்தகைய சோதனை நமக்கு மட்டும் வந்ததன்று. அமெரிக்காவில் பென்ஸில்வேனியா ராஜ்யத்திலுள்ள மைனர்ஸ்வில் என்ற ஊரில், இதே பிரிவைச் சேர்ந்த இரு குழந்தைகள் கொடிக்கு வணக்கம் செய்ய மறுத்ததற்காக 1935-ல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1940-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர், தேச ஒற்றுமையைக் காரணமாகக் காட்டி, நீக்கியது செல்லும் என்றார்கள். தீர்ப்பு வெளிவந்ததும் பல ஊர்களில் அந்தப் பிரிவினர் மீது ஜனக்கூட்டம் பாய்ந்தது. மெயின் ராஜ்யத்தில் கென்னபங்க் என்ற இடத்திலிருந்த அவர்களுடைய ஜெபக்கூடம் தீக்கிரையாயிற்று. ஒற்றுமையை வளர்க்க வந்த தீர்ப்பு எதை வளர்த்தது பாருங்கள்! மூன்றே வருஷங்களில், 1943 ஜூன் 14-ந் தேதி, அதே நியாயஸ்தலம் தன் முடிவைத் தானே மாற்றிக்கொண்டது. அன்று அந்நாட்டின் கொடித் திருநாள். தேசமோ மகாயுத்தத்தின் நடுவில் இருந்தது. அப்படிப்பட்ட வேளையிலும், குழந்தையின் நாவைக் கட்டாயப்படுத்துவதால் தேசம் வலுப்பெறாது என்று சொல்ல அவர்களுக்குத் துணிவு இருந்தது. எதிர்ப்பக்கத்தில் ஜெர்மனியில் நடந்தது என்ன? ஹிட்லருக்குக் கை நீட்டி வணக்கம் செலுத்த மறுத்த அதே பிரிவினரைச் சிறைமுகாம்களில் அடைத்து, சட்டையில் ஊதா முக்கோணம் தைத்துவிட்டார்கள்.

"நாட்டின் பெருமையை விட வேதக் கட்டளை பெரிதா?" என்று சிலர் கேட்பார்கள். ஸ்காட்லாந்துக்காரராகிய எரிக் லிடலிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஓய்வுநாளில் ஓடமாட்டேன் என்று அவர் பல மாதங்களுக்கு முன்பே சொல்லிவிட்டார். அவரை ஏசினவர்களும் உண்டு. அவர் யாருடனும் வாதாடவில்லை. பந்தயத்தின் தேதியை மாற்றும்படி யாரையும் வற்புறுத்தவில்லை. தமக்குப் பழக்கம் குறைந்த 400 மீட்டர் ஓட்டத்தில் ஓடி, 47.6 விநாடியில் வென்றார். பிறகு புகழை விட்டுச் சீனாவுக்குப் போய் ஊழியம் செய்து, ஜப்பானியர் நடத்திய வெய்சியன் முகாமில் 1945-ல் கைதியாகவே காலமானார். ஞாயிற்றுக்கிழமை ஓடாத அந்த மனிதரைத் தேசபக்தி இல்லாதவர் என்று இன்று யாராவது சொல்லுவார்களா?

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு நாள்தோறும் நிற்கிற நாம் இன்னொரு ஆட்சேபத்துக்கும் விடை சொல்லவேண்டும். "இன்று ஒருவன் பாடாவிட்டால் நாளைக்கு எல்லோரும் நிறுத்திவிடுவார்களே, ஒழுங்கு என்னாவது?" என்கிறார்கள். கூட்டத்தின் கடைசி வரிசைக்குச் சென்று கவனித்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். உதட்டை அசைத்துக்கொண்டே முன்னால் நிற்பவனின் சட்டையில் மை தெளிக்கிற பையன் ஒழுங்கானவனாகக் கணக்கில் சேர்ந்துவிடுகிறான். அசையாமல் நின்று வாய் திறவாத பிள்ளை குற்றவாளி ஆகிறான். இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்றப் பிள்ளைகள் என்ன பாடம் கற்றுக்கொள்வார்கள்? நம்பாததைச் சொன்னால் தப்பிக்கலாம், நம்புவதை ஒளிக்காவிட்டால் தண்டனை என்பதையே கற்றுக்கொள்வார்கள். எந்தத் தேசத்துக்கும் இதைவிடக் கெடுதலான பாடம் இல்லை.

மதம் என்ற பெயரால் யார் எதைச் செய்தாலும் ஆதரிக்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தை முதலில் வைத்துவிட்டு, பொது அமைதி, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றை அதற்கு வேலியாகவும் போட்டிருக்கிறது. அளவுகோல் சுலபமானது. தன் நம்பிக்கைக்காகத் தானே விலை கொடுக்கிறவன் ஒருவன்; தன் நம்பிக்கைக்காகப் பிறரை விலை கொடுக்கச் சொல்கிறவன் மற்றொருவன். முன்னவனை நாம் காப்பாற்றவேண்டும், பின்னவனைத் தடுக்கவேண்டும். அந்தக் கேரளக் குழந்தைகள் பிறர் பாடுவதைத் தடுத்திருந்தால், நாமே அவர்களுக்கு எதிராக எழுதியிருப்போம். பழைமையான கிறிஸ்தவர்களுக்கு இன்று நாம் கேட்கும் நியாயத்தை, நாளை வேறு சமயத்தாருக்கும், சமயமே வேண்டாம் என்பவருக்கும் அவர்களும் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

இந்த விவாதம் பழங்கதையாகிவிடவில்லை. 2016 நவம்பர் 30-ந் தேதி சினிமாக் கொட்டகைகளில் எல்லாம் கீதம் இசைக்கவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. 2018 ஜனவரி 9-ந் தேதி அது கட்டாயமல்ல என்று தானே திருத்திக்கொண்டது. இனியும் வெவ்வேறு உருவங்களில் இது வரத்தான் செய்யும்.

அப்போது வங்காளத்தை நினைத்துக்கொள்வோம். 1905-ல் 'வந்தே மாதரம்' முழங்கக் கூடாது என்று வெள்ளைக்காரச் சர்க்கார் பள்ளிக்கூடங்களை மிரட்டியது. ரங்கபூர் மாணவர்களுக்கு அபராதம் விதித்தார்கள். அதன் விளைவாக அந்த ஊரில் ஒரு தேசியப் பள்ளிக்கூடமே எழுந்தது. பாடியதற்காகப் பிள்ளைகளைத் தண்டித்த ஆட்சியை எதிர்த்துத்தான் நாம் சுதந்திரம் பெற்றோம். பாடாததற்காகப் பிள்ளைகளைத் தண்டிப்பது அந்தச் சுதந்திரத்துக்கு அழகாகுமா?

ராஜ்யம் பெரியது, நம் அன்புக்கும் உழைப்புக்கும் உரியது, வேண்டுமானால் உயிருக்கும் உரியது. ஆனால் அது கடவுள் அல்ல. இந்த உண்மையைக் கூச்சலிடாமல், கல்லெறியாமல், நேராக நின்று நமக்கு ஞாபகப்படுத்துகிறவர்கள் எண்ணிக்கையில் மூன்றே குழந்தைகளாயினும், அவர்களுக்கு நம் பள்ளிக்கூடங்களில் இடம் இருக்கவேண்டும். மனமுவந்து பாடுகிறவர்களின் குரலே கீதத்துக்குப் பெருமை. அந்தக் குரல் குறைந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்கள், பாரத நாட்டைத்தான் குறைவாக மதிப்பிடுகிறார்கள்.