ஆறிய புண், ஆறாத வலி

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில், பட்டாசு ஆலை வெடிவிபத்து ஏறக்குறைய 40 உயிர்களைக் கொண்டுபோயிற்று. இத்தகைய விபத்துகளில் மாண்டோரை எண்ணிவிடுகிறோம். பிழைத்தோரின் வலியை எண்ணுவார் இல்லை.

தீக்காயமோ எலும்பு முறிவோ ஆறிய பின்னும் சிலருக்குக் கையிலோ காலிலோ எரிச்சல் தணிவதில்லை. வீக்கம் காணும்; தோலின் நிறமும் சூடும் மாறும்; சேலைத் தலைப்பு உரசினாலே துடித்துப்போவர். காயத்தின் அளவை மீறிய இவ்வலியை மருத்துவர்கள் ‘சி.ஆர்.பி.எஸ்.’ என்பர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்ட வீரர்களிடம் இதனைக் கண்ட வெயர் மிட்செல் என்னும் மருத்துவர் 1864-இல் எழுதிவைத்தார். ஆபத்து நீங்கிய பின்னும் நரம்புகள் அபாய மணியை அடித்துக்கொண்டே இருக்கின்றன. இதனை உறுதிசெய்யத் தனியொரு இரத்தப் பரிசோதனை இல்லை. ஆகவே, “புண்தான் ஆறிவிட்டதே, வேலைக்குப் போக மனமில்லையா?” என்னும் சொல் வீட்டிலேயே எழுகிறது.

சூலை நோயுடன் திருவதிகைக்கு வந்த நாவுக்கரசரின் வலியும் புறத்தே தெரியாததே. தமக்கையார் திலகவதியார் அதனை ஐயுறவில்லை; திருநீறு அளித்து உடன் நின்றார்.

வலிக்கு அஞ்சி உறுப்பை அசைக்காது வைத்தால் மூட்டு இறுகிவிடும். காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் இயன்முறைப் பயிற்சியை நாள்தோறும் சிறிது சிறிதாகச் செய்தல் வேண்டும். நலமான கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்து மூளையைப் பழக்கும் பயிற்சியும் உண்டு. பலருக்கு வலி குறைகிறது, சிலருக்கு நீடிக்கிறது.

இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளும் அன்பர்களே, ‘வலிக்கிறது’ என்பவரின் சொல்லை நம்புவதும் நம் கடமையே.