குட்டி யானையை எப்போது மாற்றுவது?

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் டெலிவரி வண்டி ஓட்டுபவர்களிடம், பழசை எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்டால், "தவணை முடியட்டும்" என்பார்கள். இல்லை, "இன்ஜின் வேலை வரட்டும்" என்பார்கள். இரண்டுமே கணக்கு அல்ல. கட்டிய தவணை எப்படியும் திரும்பப் போவதில்லை. பழைய வண்டியை இன்னும் ஓராண்டு வைத்திருக்க என்ன செலவாகும், புதிய வண்டிக்கு ஆண்டுக்கு எவ்வளவு ஆகும் என்று மட்டும் பார்த்தால் போதும்.

பழைய வண்டிக்குச் செலவே இல்லை என்று நினைக்கும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள். இன்று 2 லட்சத்துக்குப் போகும் டாடா ஏஸ், அதாவது நம்மூர்க் குட்டி யானை, அடுத்த ஆண்டு 1.6 லட்சத்துக்குத்தான் போகும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 40 ஆயிரமும் செலவுதான். யாரும் பில் தருவதில்லை என்பதால் கண்ணில் படுவதில்லை. இதற்குமேல் கிளட்ச், டயர், எஃப்சி எனும் தகுதிச் சான்று. எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை எடுத்த எஃப்சியை அதன்பின் ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும்விடக் கடிக்கிற செலவு, வண்டி நிற்கும் நாள். தசரா, தீபாவளி நெருக்கத்தில் வண்டி ஷெட்டில் கிடந்தால், கேட்ட வாடகையைக் கொடுத்து வேறு வண்டி பிடிக்க வேண்டியதுதான்.

சரி, மின் வண்டிக்கு மாறலாமா? டீசல் லிட்டர் 90 ரூபாய் என்று கொள்வோம். ஓசூர் சாலை நெரிசலில், சரக்கோடு, லிட்டருக்கு 15 கி.மீ. கிடைத்தால் கிலோமீட்டருக்கு 6 ரூபாய். மின் வண்டி யூனிட்டுக்கு 5 கி.மீ. ஓடி, யூனிட் 10 ரூபாய் என்றால் 2 ரூபாய். மிச்சம் 4 ரூபாய். நாளைக்கு 80 கி.மீ., மாதம் 26 நாள் ஓடினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 லட்சம். மின் வண்டி 3 லட்சம் கூடுதல் விலை என்றால் மூன்றாண்டில் கைக்கு வந்துவிடும். 40 கி.மீ. மட்டும் ஓடும் வண்டிக்கோ ஆறு ஆண்டு. வட்டியைச் சேர்த்தால் இன்னும் தள்ளிப்போகும்.

நீலாத்ரி சாலை அடுக்ககங்களையே சுற்றும் வண்டியும், ஒயிட்ஃபீல்டு வரை போய்வரும் வண்டியும் ஒன்றல்ல. மின் வண்டியை நீண்ட தடத்தில் விட்டு, அங்கே ஓடிய டீசல் வண்டியைக் குட்டித் தடத்துக்கு மாற்றி, இருப்பதிலேயே பழசை விற்பதுதான் புத்திசாலித்தனம். ஆனால் பலரும் பழைய வண்டி ஓடிய தடத்திலேயே புதியதையும் விடுகிறார்கள்.

வரியும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் புரட்டியிருக்கிறது. மின் வண்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். டீசல் சரக்கு வண்டிக்கு 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது. உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடிகிற நிறுவனத்துக்கு இந்த வித்தியாசம் பெரிதல்ல. சொந்த வண்டி ஓட்டும் டிரைவருக்கு அது அப்படியே கைப்பணம்.

விஷயம் இங்கேதான் சிக்கலாகிறது. 2025-க்குள் 10 ஆயிரம் மின் வண்டிகள் என்று 2020-இல் அமேசானும், 2030-க்குள் 25 ஆயிரம் என்று 2021-இல் ஃபிளிப்கார்ட்டும் அறிவித்தன. இலக்கு நல்லதுதான். ஆனால் டெலிவரித் தொழிலில் வண்டிக்கடன் பெரும்பாலும் சிறு ஒப்பந்ததாரர், டிரைவர் தலையில்தான். பழைய மின் வண்டிக்குச் சந்தையும் இன்னும் சரியாக உருவாகவில்லை. ஒப்பந்தம் ஓராண்டு, கடன் நான்காண்டு என்றால் இடர் முழுவதும் அவர்களுக்கே.

எனவே வேலை தரும் நிறுவனம், கடன் முடியும்வரை மாதத்துக்கு இத்தனை கிலோமீட்டர் வேலை உண்டு என்று எழுத்தில் தர வேண்டும். அது கைக்கு வராமல் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.